பாத்தி ஓரம்: ஒரு சாணுக்குக் கீழே என்ன வேலை?

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் முடிந்து பதினைந்து நாளாகிறது. நனைந்த லுங்கிகள் இன்னும் கொடியை விட்டு இறங்கவில்லை, அதற்குள் கடிதக் கட்டு வந்துவிட்டது. பாதிக்கு மேல் ஒரே கேள்வி: மேட்டுப்பாத்தி கட்டினோம், உரத்தை எவ்வளவு ஆழத்துக்குக் கலப்பது? மழை இறங்க மூன்று வாரம்கூட இல்லை. அதனால் ரோஜாவின் மாவுப்பூச்சியும் எலுமிச்சையில் பூ உதிர்வதும் அடுத்த மாதத்துக்கு. இப்போது மண்.

அக்கா, வீட்டுக்குப் பின்னால் எட்டடி நீளம், நாலடி அகலத்தில் செங்கல் அடுக்கி மேட்டுப்பாத்தி போட்டோம். "சத்து அடிவரைக்கும் போகணும்" என்று வீட்டுக்காரர் இரண்டடி தோண்டி, பச்சைச் சாணி, கடலைப் பிண்ணாக்கு, சமையல் கழிவு எல்லாவற்றையும் அடியோடு கலந்துவிட்டார். வெண்டை நாலு இலையிலேயே மஞ்சளடித்து நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் சாக்கடை வாடை. மொத்தத்தையும் அள்ளிக் கொட்டிவிடலாமா?
— இன்சேன் வாசகி

அள்ளிக் கொட்ட வேண்டாம், தங்கச்சி. வீட்டுக்காரரையும் திட்ட வேண்டாம். அவர் செய்தது நானும் செய்ததுதான்.

ரங்கூனுக்கு எதிர்க்கரைச் சிரியத்தில் இந்த இடத்தை வாங்கிய முதல் வருஷம், வண்டிச் சாணியை வாங்கி வந்து இரண்டடி ஆழத்தில் புதைத்தேன். ஊரில் அப்பா தென்னைக்கு அப்படித்தான் குழி எடுப்பார், அந்த நினைப்பு. மேலே மிளகாய் நட்டேன். ஆடி பிறக்கும்போது செடி முழங்கால் உயரம்கூட இல்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் ஒரு சாண் கீழே போயிருக்கிறது. அதற்கப்புறம் சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி மடங்கி, பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. மம்பட்டி போட்டு அதற்குக் கீழே எடுத்தால் மண் கருநீலமாக, மெழுகு பூசிய மாதிரி பளபளக்கிறது. அழுகின முட்டை வாடை. சாணியோடு வந்த வைக்கோல் மூன்று மாதம் மண்ணுக்குள் கிடந்தும் போட்ட மஞ்சள் நிறம் மாறாமல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அடியில் எதுவும் மக்கவே இல்லை.

சாணியை எருவாக்குகிற கிருமிகளுக்கும் மண்புழுவுக்கும் காற்று வேண்டும். காற்று மேல்மண்ணில்தான் தாராளம். ரங்கூன் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடும். அந்த நாட்களில் இரண்டடிக்குக் கீழே மண் இடுக்கெல்லாம் தண்ணீர்தான். காற்றில்லாத இடத்தில் வேறு வகைக் கிருமிகள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை விடுகிற வாயுதான் உங்கள் சாக்கடை வாடை. பிண்ணாக்கில் ஏழு சதவீதத்துக்குக் குறையாத தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டு. அதில் ஒரு பங்கு அந்த இருட்டில் வாயுவாகிப் போய்விடும், மீதியை மழை அடித்துக்கொண்டு போகும். காசு கொடுத்து வாங்கியதை யாருக்கும் இல்லாமல் பண்ணிவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. வெண்டையின் ஆணிவேர் ஆழமாகப் போகும், உண்மைதான். ஆனால் சாப்பாடு எடுக்கிற சல்லிவேரில் பெரும்பங்கு மேல் ஒரு சாணுக்குள், மிஞ்சினால் ஓரடிக்குள் இருக்கிறது. அடுக்களையில் சமைத்துவிட்டுக் கிணற்றுக்குள் இலை போட்டால் யார் போய்ச் சாப்பிடுவது?

இப்போது செய்ய வேண்டியது இது. தண்ணீரை நிறுத்துங்கள். நாலு பல் உள்ள ஃபோர்க்கை முழுசாக இறக்கி, கைப்பிடியைப் பின்னால் சாய்த்து, மண் லேசாக உயர்ந்து வெடிப்பு விட்டதும் உருவிவிடுங்கள். புரட்டக் கூடாது, வெடிப்பு விட்டால் போதும். முக்கால் அடிக்கு ஒரு குத்து. பாத்திக்குள் ஏறி நிற்காதீர்கள். நாலடி அகலம்தானே, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி கை எட்டும். மூன்று வாரம் சும்மா விடுங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பாருங்கள். முதல் மழை விழுந்த வாசம் வந்தால் சரி. முட்டை வாடை அடித்தால் இன்னொரு தடவை குத்திவிட்டு இன்னும் பத்து நாள்.

அப்புறம் மேலே இரண்டு அங்குலத்துக்கு நன்றாக மக்கிய எரு. உங்கள் பாத்திக்கு அது மண்ணெண்ணெய் டின்னால் அளந்தால் எட்டு டின் வரும். அரிசி மூட்டைச் சாக்கு என்றால் இரண்டரைச் சாக்கு. அதை மேல் அரைச் சாணில் மட்டும் கலந்து விதை போடுங்கள். அடியில் கிடக்கிற பிண்ணாக்கு காற்றுப் பட்டதும் மெல்ல மக்கி மேலே உதவும், இந்த வருஷம் இனிமேல் பிண்ணாக்கு வாங்காதீர்கள்.

புதிதாகப் பாத்தி கட்டப் போகிறவர்களும் இதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆழமாகக் கை வைக்க வேண்டியது ஒரே ஒரு தடவை, பாத்தி கட்டுகிற அன்று. செங்கல் அடுக்குவதற்கு முன் தரையை ஒரு சாண் ஆழத்துக்கு ஃபோர்க்கால் இளக்குங்கள். வாங்கி வந்த மண்ணில் நாலு கூடையை அந்த இளகிய தரையோடு கலந்துவிட்டு, மீதியை அதன்மேல் நிரப்புங்கள். கெட்டித் தரைமேல் அப்படியே புது மண்ணைக் கொட்டினால் இரண்டும் சேருகிற இடத்தில் தண்ணீர் தயங்கி நிற்கும், வேரும் அங்கே நின்றுவிடும். நிரப்புகிற மண்ணில் நாலில் ஒரு பங்கு எரு இருந்தால் போதும், மூன்றில் ஒன்றைத் தாண்ட வேண்டாம். எருவாகவே நிரப்பினால் வருஷம் திரும்புவதற்குள் பாத்தி அரையடி உட்கார்ந்துவிடும். அடுத்த வருஷத்திலிருந்து எல்லாம் மேலேதான்.

எந்த வேலைக்கும் முன்னால் கொழுக்கட்டை பிடித்துப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் விரல் பதிந்தால் அன்று மம்பட்டியைத் தொடாதீர்கள். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகிவிடும். மழை பிடித்த பிறகு புரட்டாசி வரைக்கும் என் வீட்டில் மம்பட்டி சுவரோரம் சாய்ந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே அரிசி மில். உமி சும்மாவே கிடைக்கிறது. பச்சை உமியைக் கலப்பதா, எரித்துக் கலப்பதா? எவ்வளவு ஆழம்?
— பெக்கு வாசகர்

கொடுத்து வைத்தவர் நீங்கள். நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. 46 ராத்தல் (பவுண்டு) உள்ள ஒரு கூடை நெல் குத்தினால் ஒன்பது ராத்தல் உமி வரும். உங்கள் எதிர்வீட்டு மில்லில் எத்தனை கூடை ஓடுகிறது என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

உமி, உமிக்கரி, உமிச் சாம்பல் மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால்தான் குழப்பம் எல்லாம்.

பச்சை உமி சீக்கிரம் மக்காது. அதன் உடம்பில் மணல் சத்து அவ்வளவு. இரண்டு வருஷம் கழித்துத் தோண்டினாலும் உமி உமியாகவே கண்ணில் படும். அதனாலேயே, நான் முன்னே திட்டிய ஆழக் கலப்புக்கு ஒரே விலக்கு இது. பாத்தி கட்டுகிற அன்று, ஒரு சாண் ஆழம் முழுக்க, ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் உமி கலக்கலாம். அழுகி நாறாது, களியைப் பிரித்து வைக்கும். மரத்தூள் அளவுக்குத் தழைச்சத்தைத் திருடாது. ஆனாலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அதனால் இரண்டு கைப்பிடி பிண்ணாக்குத் தூள் அதோடு சேரட்டும், நடுவதற்குப் பதினைந்து நாள் முன்னால். உமியில் தப்பின நெல் முளைக்கும். அதைத் தேடிக் கோழியும் வரும். வேலி உங்கள் பொறுப்பு.

உமிக்கரி, தாத்தா காலத்தில் பல் விளக்கினார்களே, அதே கரிதான். செய்வது பார்க்க நன்றாக இருக்கும். ஒரு பழைய டின்னில் சுற்றிலும் ஆணியால் துளை போட்டுக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் புகைபோக ஒரு தகரக் குழாய். டின்னுக்குள் விறகுச் சிராய் எரிய வேண்டும், வெளியே சுற்றிலும் உமியைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். உள்ளிருந்து கருகிக்கொண்டே வந்து, ஒரு மணி, ஒன்றரை மணியில் குவியலின் தோலில் அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்கே கறுப்புப் புள்ளி தெரியும். அப்போது கரண்டியால் வெளி உமியைப் புரட்டி உள்ளே தள்ளுங்கள். ஏறக்குறைய எல்லாம் கறுத்ததும் தயங்காமல் தண்ணீர் ஊற்றுங்கள், நாலு வாளி, ஐந்து வாளி. "கொஞ்சம் மஞ்சள் இருக்கிறதே, இன்னும் பத்து நிமிஷம்" என்று நான் ஒருநாள் உலை பார்க்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் முழுக் குவியலும் வெள்ளைச் சாம்பல்.

கரியைப் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு கலக்கலாம், மேல் ஒரு சாணில். இலேசானது, ஈரம் பிடிக்கும். சாம்பல் வேறு கதை. அது மண்ணைக் காரத்தன்மையாக்கும், புளிப்புக்கு நேர் எதிர். சதுர அடிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை, தூவி லேசாகக் கிளறினால் போதும். மில்லிலிருந்து சாம்பல் வண்டி வண்டியாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பாத்தியை நிரப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கீரை முளைத்து, இலை நரம்பு மட்டும் பச்சையாக, மீதி வெளுத்து நின்றது.

பெரியம்மா, இங்கே மண் புளிப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுண்ணாம்பைத் தூவினால் மழை உள்ளே கொண்டுபோய்விடாதா? கொத்தித்தான் கலக்க வேண்டுமா? சாணியோடு சேர்த்தே போட்டால் ஒரே வேலையாக முடியுமே?
— மவுல்மீன் வாசகி

உங்கள் ஊர் மழை எங்கள் ஊர் மழை மாதிரி ஒன்றே முக்கால் மடங்கு. வருஷத்துக்கு 4,800 மில்லிமீட்டர் பக்கம். அத்தனை தண்ணீர் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போனால் புளிக்காமல் என்ன செய்யும்? பக்கத்திலே பாஅன் போகிற வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. வீட்டுத் தோட்டத்தில் அதற்குப் பஞ்சம். வேடிக்கைதான்.

ஆனால் நீங்கள் போடுகிற பொடியை மழை அவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகாது, மகளே. சுண்ணாம்புக்கல் பொடி மண்ணுக்குள் வருஷத்துக்கு ஓர் அங்குலம் நகர்ந்தாலே பெரிய காரியம். அதனால் இதைக் கொத்தித்தான் கலக்க வேண்டும், மேல் அரையடி வரைக்கும். எலும்புத் தூளும் இந்த ஜாதிதான், போட்ட இடத்தை விட்டு அசையாது. தழைச்சத்து அப்படியில்லை, மேலே போட்டால் தண்ணீரோடு தானே இறங்கும். எதை எவ்வளவு ஆழம் கலப்பது என்று கேட்பவர்கள், அது நடக்கிற பொருளா உட்காருகிற பொருளா என்று முதலில் பாருங்கள்.

எல்லோரும் சொல்கிறார்கள் என்று போடாதீர்கள். புளிப்பு பார்க்கிற காகிதம் (pH காகிதம்) மருந்துக் கடையிலும் மீன் தொட்டிக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு மழைத்தண்ணீரில் கலக்கித் தெளிய விட்டு முக்குங்கள். குழாய்த் தண்ணீரில் பார்த்தால் குழாய்த் தண்ணீரின் கணக்குத்தான் வரும். 5.5க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு. 6க்கு மேலே இருந்தால் வேண்டவே வேண்டாம்.

அளவு: நூறு சதுர அடிக்கு ஐந்து ராத்தல் சுண்ணாம்புக்கல் பொடி. எட்டுக்கு நாலு பாத்தி என்றால் அரை வீசைக்குக் கொஞ்சம் குறைய. நான் சொல்வது பர்மா வீசை, 1.63 கிலோ. ஊரிலிருந்து வந்த பழைய விவசாயப் புத்தகத்தில் வீசை என்று இருந்தால் அது 1.4 கிலோதான். அளக்கும்போது மறந்துவிடாதீர்கள். வெற்றிலைக்குத் தடவுகிற நீற்றுச் சுண்ணாம்பு என்றால் அளவில் கால் பங்கைக் குறையுங்கள். அது வேகமானது, கையைப் பொத்துவிடும், துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

சாணியோடு சேர்த்துப் போட்டால் மூக்கைச் சுளிக்க வைக்கிற ஒரு காரல் வாடை வரும். அது உங்கள் தழைச்சத்து ஆகாயத்துக்குப் போகிற வாடை. முதலில் சுண்ணாம்பு, இரண்டு மூன்று வாரம் கழித்து எரு. ஒரே வேலையாக முடிக்கிற ஆசை தோட்டத்தில் பலிக்காது.

ஐராவதி டெல்டா மண், சரியான களி. நாலு வண்டி ஆற்று மணல் கலந்து அடியில் செங்கல் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியுமா?
— பியாப்பூன் வாசகர்

இரண்டுமே வேண்டாம், ஐயா. களியில் கொஞ்சம் மணல் கலந்தால் மணல் இடுக்கையெல்லாம் களி அடைத்துக்கொள்ளும். வெயில் பட்டால் செங்கல் சூளை. மணல் வேலை செய்ய மொத்தத்தில் பாதியாவது மணலாக இருக்க வேண்டும். அந்தக் காசுக்கு மூன்று வருஷ எரு வாங்கலாம்.

ஜல்லி இன்னும் ஏமாற்று. என் மருமகன் ஒரு பாத்திக்கு அரையடி ஜல்லி பரப்பினார், நான் சொல்லியும் கேட்கவில்லை. தக்காளி வாடியதும் பக்கத்துச் செங்கல் இரண்டை உருவிப் பார்த்தோம். ஜல்லி மேல் ஈரமே இல்லை, தூசி பறந்தது. அதற்கு நேர் மேலே நாலு விரற்கடை மண் சொட்டச் சொட்டச் சேறு. நைசான மண்ணிலிருந்து பெரிய இடுக்குக்குத் தண்ணீர் இலேசில் இறங்காது. மேல் மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் சொட்டும். மண்ணின் உயரத்தைத்தான் ஜல்லி சாப்பிட்டுவிட்டது.

பாத்தியை உயர்த்துங்கள், தரையை முன்னே சொன்னபடி இளக்குங்கள், பாத்திகளுக்கு இடையே வாய்க்காலை ஒரு பக்கமாகச் சரித்து வெட்டுங்கள்.

என் மாமியார், "கொத்தவே கூடாது, மேலே போட்டுக்கொண்டே போ" என்கிறார். சரியா?
— தொங்குவா வாசகி

பாத்தி கட்டுகிற அன்று ஒரு நாளை விட்டுவிட்டால் உங்கள் மாமியார் கட்சிதான் நானும். இன்லே ஏரிக்குப் போயிருக்கிறீர்களா? தண்ணீரில் மிதக்கிற பாத்தியில் தக்காளி போடுகிறார்கள். பாசியும் ஏரிப் புல்லும் சேர்ந்த திட்டு அது. வருஷா வருஷம் படகில் பாசியும் சேறும் அள்ளி வந்து மேலே மேலே போடுவார்கள். அடிவரைக்கும் கொத்தினால் தக்காளியோடு அவர்களும் ஏரிக்குள் போக வேண்டியதுதான். நமக்குக் கிடைக்கிற தக்காளியில் எவ்வளவோ அங்கிருந்து வருகிறது. என் பதினோரு பாத்தியிலும் இப்போது அதே முறைதான். மழைக்கு முன்னால் இரண்டு அங்குலம் எரு, அதன்மேல் வைக்கோல். மண்புழு கொண்டுபோகிற ஆழத்துக்கு என் ஃபோர்க்கால் போக முடிந்ததில்லை. சிரியம் பாலம் வந்த 1993லிருந்து கீரைக்கட்டைப் பஸ்ஸில் ஏற்றி ரங்கூனுக்குக் கொண்டுபோகிறேன். கொத்தி வேர்வை சிந்திய வருஷங்களைவிடக் கொத்தாத வருஷங்களில் கட்டு பெரிதாகத்தான் இருக்கிறது.

இதை மாமியாரிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம்.

மொகல் தெருப் பக்கம் மூன்றாம் மாடி. மொட்டை மாடியில் எட்டுக்கு நாலு, ஓரடி உயரப் பாத்தி கட்டலாம் என்று இருக்கிறோம். மாடிப் பாத்திக்கும் ஒரு சாண் கணக்குத்தானா?
— ரங்கூன் வாசகர்

மாடிக்கு அந்தக் கணக்கு இல்லை. கீழே தரையே கிடையாது. அது பெரிய தொட்டி. ஆகவே மேலிருந்து அடிவரை ஒரே கலவையாக இருக்கட்டும், பச்சைச் சாணி மட்டும் சேர வேண்டாம். அடிப்பக்கம் இரண்டடிக்கு ஒரு வடிகால் துளை.

ஆனால் அதற்கு முன்னால் எடையைப் போட்டுப் பாருங்கள் தம்பி. எட்டுக்கு நாலுக்கு ஒன்று என்றால் 32 கன அடி. மழையில் நனைந்த மண் ஒரு கன அடி நூறு ராத்தலுக்குக் குறையாது. மொத்தம் 3,200 ராத்தல், கிட்டத்தட்ட 890 வீசை. அந்தத் தெருக் கட்டடங்களின் வயதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பாத்தியாக நடு மாடியில் வைக்காமல், முக்கால் அடி உயரத்தில் நாலு சின்னப் பெட்டியாகச் சுவரோரம், கீழே தாங்குசுவர் இருக்கிற பக்கம் வையுங்கள். மண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து உமிக்கரியாகப் போடுங்கள். புளிச்சக்கீரைக்கும் கொத்தமல்லிக்கும் முக்கால் அடி தாராளம். கட்டடம் கட்டத் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மண் மூட்டையை மாடிப்படி ஏற்றுங்கள்.